டர்பனில் வேலைக்கு வந்தவர்கள் விரதம் முறியாமல் காப்பதற்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ தென்னாப்பிரிக்காவுக்கு வேலைக்கு வந்து, முருகனுக்கோ மாரியம்மனுக்கோ நேர்ந்துகொண்ட விரதத்தை இங்கேயும் தொடர வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் விரதம் இருப்பவரை ஊரே தாங்குகிறது. வீட்டில் தனிச் சமையல் நடக்கிறது, அலுவலகத்தில் காரணம் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள், கோயில் மணி வீடு வரை கேட்கிறது. இங்கே அந்தத் தாங்கல் எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. எனக்குத் தேவைப்பட்ட தகவல்களைப் பலரிடம் கேட்டு, அலைந்து, சிறிது சிறிதாகவே சேர்க்க முடிந்தது. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

நான் கண்ட வரையில் பெரிய சோதனை வந்து விரதத்தை முறிப்பது அரிது. விடுப்பு கிடைக்காத ஒரு செவ்வாய்க்கிழமையும், சாப்பிட ஏதுமில்லாத ஒரு மதிய வேளையும், மறுக்கத் தயங்கிய ஓர் அழைப்பும்தான் அதை முறிக்கின்றன. எனவே பக்தியை மட்டும் நம்பி இருக்காமல், அந்தச் சாதாரண நாட்களுக்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1. எதை ஏற்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் ஆண்டிலேயே நாற்பத்தெட்டு நாள் மண்டல விரதத்தை ஏற்க வேண்டாம். நாள்தோறும் செய்யக்கூடிய ஒன்று (விளக்கேற்றி ஒரு பதிகம் பாடுவது போதும்), மாதம் ஒருமுறை கிருத்திகையோ சஷ்டியோ, ஆண்டுக்கு ஒரு பெரிய விரதம் என மூன்று நிலைகளில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய விரதத்துக்குத் தைப்பூசக் காவடி இங்கே ஏற்றது, ஏனெனில் கொடியேற்றத்தில் தொடங்கிப் பத்து நாள் நோன்பிருக்கும் முறையைக் கோயில்களே நடத்துகின்றன, உடனிருப்பவர்களும் கிடைப்பார்கள். புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் தவிர்ப்பதும் எளிது. டர்பன் தமிழ்க் குடும்பங்களில் அது இன்றும் உறுதியாகக் கடைப்பிடிக்கப்படுவதால் இந்தியர்கள் இருக்கும் அலுவலகத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

2. நாளை இந்தியப் பஞ்சாங்கத்திலிருந்து அப்படியே எடுக்காதீர்கள்

புதியவர்கள் மிக அதிகமாகச் சிக்கும் இடம் இது. தென்னாப்பிரிக்க நேரம் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசியில் உள்ள தமிழ் நாட்காட்டி ஒரு திதி காலை 7 மணிக்கு முடிவதாகச் சொன்னால், டர்பனில் அது அதிகாலை 3.30க்கே முடிந்துவிடுகிறது. அந்தத் திதி இங்கே சூரிய உதயத்தில் இருப்பதில்லை, விரத நாளே மாறிவிடக்கூடும். ஆகவே உள்ளூருக்குக் கணித்த நாட்காட்டியை உங்கள் கோயிலில் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத இடத்தில் அர்ச்சகரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பருவமும் தலைகீழாக இருக்கிறது. மார்கழியில் டர்பனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடுவதால், விடியலுக்கு முன் திருவெம்பாவை பாட விரும்புபவர்கள் நாலு மணிக்கே எழ வேண்டியிருக்கும். பிரதோஷ வேளை கோடையில் ஏறத்தாழ மாலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது, வேலை முடிந்து கோயிலுக்குப் போய்விடலாம். ஜூன் மாதத்தில் சூரியன் ஐந்து மணியளவில் மறைந்துவிடுவதால் அதே வேளை மூன்றரைக்கே வந்துவிடும், அப்போது நீங்கள் வேலையிடத்தில் இருப்பீர்கள். குளிர்கால மாதங்களில் பிரதோஷத்தை வீட்டு வழிபாடாக ஏற்பதா, அனுமதி பெற்று முன்னதாகக் கிளம்புவதா என்பதை நேர்ந்துகொள்ளும்போதே தீர்மானித்துவிடுங்கள்.

காவடி நாளையும் கோயிலுக்குக் கோயில் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தைப்பூசம் 2025இல் பிப்ரவரி 11 செவ்வாய்க்கிழமையும், 2026இல் பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. வார நாளில் வரும் ஆண்டுகளில் எல்லாக் கோயில்களும் ஒரே நாளில் காவடி எடுப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தீபாவளியும் இங்கே தமிழர்களுக்கு ஒரு நாளும் வட இந்திய மரபினருக்கு அடுத்த நாளுமாக அமைவதுண்டு, ஆதலால் மேலாளரிடம் தேதி சொல்லும்முன் எந்த நாள் என்று கோயிலில் கேட்டுவிடுங்கள்.

3. விடுப்புக் கணக்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே போடுங்கள்

நாட்டில் ஆண்டுக்கு 12 பொது விடுமுறை நாட்கள் உள்ளன. புனித வெள்ளியும் கிறிஸ்துமஸும் அவற்றில் அடங்கும். தீபாவளி, பொங்கல், தைப்பூசம் எதுவும் இல்லை. ஆகவே நம் நாட்களுக்கான விடுப்பு முழுவதும் நம் ஆண்டு விடுப்பிலிருந்தே வர வேண்டும்.

சட்டப்படி குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு தொடர்ச்சியான 21 நாட்கள். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 15 வேலை நாட்களே. ஒப்பந்தத்தில் 21 என்று பார்த்து மகிழ்ந்துவிட்டு, பிறகு வார இறுதிகளும் அதில் சேர்ந்தவை என்று அறிந்து திகைப்பவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய பொறி ஆண்டிறுதி மூடல். கட்டுமானம், தொழிற்சாலை, பல அலுவலகங்கள் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரித் தொடக்கம் வரை மூடப்படுகின்றன, அந்த நாட்கள் உங்கள் ஆண்டு விடுப்பிலிருந்து கழிக்கப்படலாம். பத்து நாள் அப்படிப் போனால் மீதி ஐந்து நாள்தான். தைப்பூசம் அதற்கு உடனே பின்னால் வருவதால், ஜனவரி கடைசியில் விடுப்பு கேட்கப் போகிறவரின் கணக்கில் அதிகம் மிஞ்சியிருக்காது. எனவே நேர்காணலிலேயே, “மூடல் நாட்கள் எத்தனை, அவை எந்தக் கணக்கில் கழிக்கப்படும்?” என்று கேளுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத வழி ஒன்று இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் பொது விடுமுறை நாட்கள் சட்டம், வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் ஒப்புக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. டிசம்பர் 26 அன்று வேலை செய்துவிட்டு அதற்குப் பதிலாகத் தைப்பூசத்தன்று விடுமுறை எடுக்கலாம். மருத்துவமனை, அழைப்பு மையம், கிடங்கு போன்ற இடங்களில் கிறிஸ்துமஸ் வாரத்தில் வேலைக்கு ஆள் தேவைப்படுவதால் இந்தக் கோரிக்கை அவர்களுக்கும் உதவியாக இருக்கும். இதற்கு ஒப்புதல் வேண்டும், அதைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்புதலை மின்னஞ்சலில் பெறுங்கள். வாய்மொழி ஒப்புதல், மேலாளர் மாறும்போது காணாமல் போய்விடும்.

புனித வெள்ளியை மாற்றிக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. டர்பனுக்குத் தெற்கே உள்ள இசிபிங்கோ மாரியம்மன் கோயிலின் பெருவிழா ஈஸ்டர் விடுமுறையில்தான் நடக்கிறது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தீமிதியும் புனித வெள்ளியன்றே நடக்கிறது. கரும்புத் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோருக்கு விடுமுறையாகக் கிடைத்த நாளில் அம்மனைக் கொண்டாடியிருக்கிறார்கள். அந்த ஏற்பாடு இன்றும் நமக்கு உதவுகிறது.

செய்யக்கூடாதவை இரண்டு. நோய் விடுப்பை விரதத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, இறைவனுக்காக இருக்கும் நோன்பைப் பொய்யில் தொடங்குவது எப்படிப் பொருந்தும்? தவிர, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டால் மருத்துவச் சான்று கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. குடும்பப் பொறுப்பு விடுப்பும் பண்டிகைக்கு ஆகாது, அது பிள்ளையின் நோய், நெருங்கிய உறவினரின் மரணம் போன்றவற்றுக்கானது.

4. எழுத்தில் கேளுங்கள், சீக்கிரம் கேளுங்கள்

நாள் தெரிந்தவுடன், குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன், மனிதவளப் பிரிவுக்கும் மேலாளருக்கும் ஒரே கடிதமாக அனுப்புங்கள். அதில் நான்கு செய்திகள் போதும்: எந்த வழிபாடு, எந்தத் தேதி, அந்த நாட்களில் உங்களுக்குத் தேவையான மாற்றம் என்ன, உங்கள் வேலையை யார் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள். நான்காவதை எழுதாமல் விடுபவர்கள்தான் அதிகம். மேலாளர் உண்மையில் அறிய விரும்புவது அதைத்தான்.

இணைக்க வேண்டிய ஆவணங்கள்: கோயில் தலைப்புத்தாளில் நீங்கள் வழிபாட்டில் பங்கேற்பதையும் தேதியையும் உறுதி செய்யும் கடிதம், கோயில் வெளியிட்ட விழா அழைப்பிதழின் நகல். சில இடங்களில் உங்கள் சமயத்துக்கான உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். அதைக் காவல் நிலையத்தில் கட்டணமின்றிச் செய்து தருவார்கள், அடையாள ஆவணங்களின் சான்றிட்ட நகலும் அங்கேயே இலவசம். பணம் வாங்கிக்கொண்டு முடித்துத் தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். கோயில் கடிதத்துக்கு நிர்வாகக் குழு கூடும்வரை காத்திருக்க நேரலாம், விழாவுக்கு முந்திய வாரத்தில் கேட்டால் அவர்களால் கவனிக்க முடியாது.

மறுப்பு வந்தால் என்ன செய்வது? பெரும்பாலான மறுப்புகள் பகைமையால் வருவதில்லை, பழக்கமின்மையால் வருகின்றன. ஆதலால் முதலில் நேரில் பேசுங்கள், மாற்று ஏற்பாடு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். அதன் பிறகும் சமயத்தின் பெயராலேயே அநீதி நடந்தால் சட்டம் துணை நிற்கிறது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் சமயத்தின் அடிப்படையிலான நியாயமற்ற பாகுபாட்டைத் தடை செய்கிறது. அத்தகைய முறையீட்டை ஆறு மாதத்துக்குள், பணிநீக்கம் என்றால் 30 நாளுக்குள், சி.சி.எம்.ஏ. என்று அழைக்கப்படும் சமரச, நடுவர் ஆணையத்தில் பதிய வேண்டும். அங்கே பதிவுக் கட்டணம் இல்லை. 2018இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், சனிக்கிழமை ஓய்வுநாளில் இருப்புக் கணக்கெடுப்புக்கு வர மறுத்த கிறிஸ்தவப் பெண் ஒருவரைப் பணிநீக்கம் செய்தது அநீதி என்று தீர்ப்பளித்து, பன்னிரண்டு மாதச் சம்பளத்தை இழப்பீடாக வழங்கியது. அவருடைய சமயம் வேறானாலும் அந்தத் தீர்ப்பு நம்மையும் காக்கிறது.

5. உணவு

ஹலால் முத்திரை இருந்தால் மட்டும் அது சைவ உணவு ஆகிவிடாது. தயிர், ஜெல்லி, மென்மிட்டாய் ஆகியவற்றில் ஜெலட்டினும், சில பாலாடைக்கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டும் இருக்கக்கூடும், பொட்டலத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படித்துப் பழகுங்கள். டர்பனில் இந்தியர்கள் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள பங்களாதேஷ் சந்தையில் வார இறுதியை ஒட்டிக் கறிவேப்பிலை, முருங்கை, கீரை, வாழையிலை எல்லாம் கிடைக்கின்றன. மசாலாவுக்கும் பருப்புக்கும் நகரின் விக்டோரியா தெருச் சந்தைப் பகுதி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் ஃபோர்ட்ஸ்பர்க்குக்கோ லெனேசியாவுக்கோ போகலாம். நோன்பு தொடங்கும் முன் வார இறுதியில் மொத்தமாக வாங்கி வைத்தால் செலவும் குறையும், சோர்ந்த மாலையில் வெளிச்சாப்பாட்டைத் தேடும் நிலையும் வராது.

அலுவலகத்தில் பிராய் எனப்படும் இறைச்சி வாட்டும் விருந்துகள் அடிக்கடி நடக்கும், பொது விடுமுறையான செப்டம்பர் 24 மரபு நாளை ஒட்டிக் கட்டாயம் நடக்கும். அந்த நாள் புரட்டாசியில் வருகிறது. போகாமல் ஒதுங்குவதைவிட, உங்கள் உணவைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துப் போய் அவர்களுடன் அமர்ந்து உண்பதே நல்லது. ஒரே கம்பித்தட்டில் உங்கள் சோளக்கதிரையும் வைத்துத் தர அன்போடு முன்வருவார்கள், வேண்டாம் என்றால் காரணத்தையும் அன்போடு சொல்லுங்கள். மதுக் கோப்பையை நீட்டும்போது மருந்து சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்ல வேண்டாம். “நான் கடவுளுக்கு நோன்பு இருக்கிறேன்” என்ற ஒரு வரிக்கு இந்த நாட்டில் நல்ல மரியாதை இருக்கிறது. நோன்பு, ஜெபம் என்றால் ஜூலு மக்களுக்கும் நன்றாகப் புரியும், மறுமுறை அவர்களே உங்களுக்காகத் தனித் தட்டு எடுத்து வைப்பார்கள்.

6. திருநீறு, காப்பு, மாலை

திருநீறும் பொட்டும் பெரும்பாலான அலுவலகங்களில் பிரச்சினை ஆவதில்லை. காப்புக் கயிறும் மாலையும் உணவுத் தொழிற்சாலை, மருத்துவமனை, இயந்திரக் கூடம் ஆகிய இடங்களில் தடுக்கப்படும், அங்கே பாதுகாப்பு விதியோடு மோத வேண்டாம். காப்பை முழங்கைக்கு மேல் கட்டி ஆடைக்குள் மறைக்கலாமா என்று கேளுங்கள், அதுவும் ஆகாதெனில் காப்பு கட்டும்போதே அர்ச்சகரிடம் சொல்லி, வேலை நேரத்தில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள இசைவு பெறுங்கள். பாதுகாப்புக் காரணம் எதுவும் இல்லாமல் தோற்றத்துக்காக மட்டும் தடுத்தால், 2007இல் அரசியலமைப்பு நீதிமன்றம் டர்பனில் தமிழ் இந்து மாணவி ஒருவரின் மூக்குத்தி வழக்கில் கூறியதை நினைவில் கொள்ளுங்கள்: சமயம் கட்டாயமாக்காத, ஒருவர் விரும்பி ஏற்ற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

7. வீட்டு வழிபாடு

வாடகை ஒப்பந்தத்தில் திறந்த தீ பற்றிய விதி இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குமாடிகளில் கற்பூரப் புகை எச்சரிக்கை மணியைத் தூண்டலாம், சன்னலருகே சிறிய அகல் விளக்கு போதும். சமயத்தைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை வாடகை வீட்டுச் சட்டம் தடை செய்கிறது.

ஊரிலிருந்து பூசைப் பொருட்கள் கொண்டு வருபவர்கள் கவனிக்க: விதை, செடி, பழம், தேன், பால்பொருள் ஆகியவற்றை அனுமதிச் சீட்டின்றிக் கொண்டு வர முடியாது. தேனும் நெய்யும் கலந்த பஞ்சாமிர்தத்தை விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், மனம் நோகும். திருநீற்றைப் பெயர் அச்சிட்ட, பிரிக்காத பொட்டலமாகக் கொண்டு வந்து, கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். புதிய பொருட்களுக்குத் தீர்வையற்ற வரம்பு பயணி ஒருவருக்கு 5,000 ராண்ட், வெள்ளி விளக்கு, வேல் வாங்கி வருபவர்கள் ரசீதை வைத்திருங்கள்.

8. வேறு வழிக்கு அழைப்பவர்கள்

அண்டை வீட்டாரும் உடன் வேலை செய்பவர்களும் தங்கள் தேவாலயத்துக்கு அழைப்பார்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஒரே குடும்பத்தில் அண்ணன் காவடி எடுப்பவராகவும் தம்பி சபைக்குப் போகிறவராகவும் இருப்பதைக் காண்பீர்கள். அழைப்பவர்கள் பெரும்பாலும் அன்பினால் அழைக்கிறார்கள். திருமணத்துக்கும் துக்கத்துக்கும் போய் வாருங்கள். வாராந்தர அழைப்புக்கு முதல் முறையே, “என் வழிபாடு இருக்கிறது, உங்கள் அன்புக்கு நன்றி” என்று தெளிவாகச் சொல்லுங்கள். “அப்புறம் பார்ப்போம்” என்று நழுவினால் ஒவ்வொரு வாரமும் கேட்பார்கள், கடைசியில் இரு பக்கமும் வருத்தம் மிஞ்சும். நோயிலோ வேலையிழப்பிலோ இருக்கும்போது வரும் அழைப்பு வேறு வகை. அந்த வேளையில் முடிவெடுக்காமல், முதலில் உங்கள் கோயில் பெரியவர் ஒருவரிடம் பேசுங்கள்.

இதைவிட ஆபத்தானவர்கள், நம் தெய்வங்களின் பெயரைச் சொல்லியே துண்டறிக்கை கொடுக்கும் மந்திரவாதிகள். தோஷம் கழிக்க, பிரிந்தவரைச் சேர்க்க என்று ஆயிரக்கணக்கில் ராண்ட் கேட்பார்கள், தயங்கினால் அச்சுறுத்துவார்கள். ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

9. காவடி நாளுக்கான செலவும் உடல்நலமும்

பதிவுக் கட்டணம், காவடிச் சட்டகம், சாமந்தி, மயிற்பீலி, பால்குடம், போக்குவரத்து என்று செலவுகள் பிரியும். சட்டகத்தைக் கோயிலிலோ முன்னர் எடுத்தவரிடமோ இரவல் பெறலாம். சாமந்திப் பூவின் விலை விழாவுக்கு முந்திய நாளில் ஏறிவிடும், முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் நன்கொடைக் கணக்கு எண்ணைக் கோயிலில் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. வழிபாட்டுக்காகக் கோயிலுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குப் பொதுவாக வருமான வரி விலக்கு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், வரி விலக்குக்கான 18ஏ சான்றிதழ் சமயப் பணிக்கு உரியதல்ல.

ஜனவரி, பிப்ரவரியில் டர்பன் வெயிலும் புழுக்கமும் கடுமையானவை. நண்பகலில் தார்ச்சாலை வெறுங்காலைச் சுட்டுவிடும், முதன்முறை எடுப்பவர்கள் காலை முதல் வரிசையில் இடம் கேளுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் மருந்து நேரத்தை மாற்றிக் கேட்க வேண்டும். அலகு குத்துவதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் புதிய, தூய்மை செய்த ஊசியா என்று கேட்பது பக்திக் குறைவல்ல. திரும்பும்போது இருட்டிவிட்டால் தனியாகச் சிற்றுந்துத் தரிப்பிடத்தில் நிற்க வேண்டாம். கோயிலில் பழகிய ஆன்ட்டி, அங்கிள் யாரிடமாவது சொன்னால் தங்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டுவிடுவார்கள், தயங்காமல் கேளுங்கள்.

10. நோன்பு இடையில் முறிந்தால்

முறிந்தது என்று தெரிந்த அன்றே கோயிலுக்குப் போங்கள், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுபவர்கள் பலர் திரும்பி வருவதேயில்லை. அர்ச்சகரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். காவடிக்குப் பதில் பால்குடம் எடுக்கச் சொல்லலாம், அடுத்த கிருத்திகையிலிருந்து தொடங்கச் சொல்லலாம், பங்குனி உத்திரத்துக்கு மாற்றி வைக்கலாம். பங்குனி உத்திரம் மார்ச் நடுவுக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில் வருவதால், அதற்கான விடுப்புக் கடிதத்தை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.